அளவு பொம்மை

இரண்டே இரண்டு சென்டிமீட்டர்தான். அதற்குப் போய் ஒருத்தி மணிக்கணக்காகத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா என்று யாரும் கேட்கலாம். அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே காலையிலிருந்து விடாத மழை. துணியெல்லாம் அறைக்குள்ளேயே கொடியில் தொங்க, காயாத துணியின் வாடை மூக்கை அடைத்தது. கம்ப்யூட்டரின் விசிறி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் யாரோ எதையோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப் போனார்கள், பிறகு நினைப்பு மாறித் திரும்ப இழுத்து வந்தார்கள்.

சுவர்முட்டி அனுப்பிய குறிப்பு திரையில் அப்படியே திறந்து கிடந்தது. “அக்கா, கடைசி வீட்டு வாசல்ல நிக்கிற பொம்மை 114 இருக்கு. மத்ததெல்லாம் 112. பார்த்து சரி பண்ணிடுங்க.”

சுவர்முட்டி என்பது அவன் பெயரல்ல, பிழைப்பு. விளையாட்டில் இருக்கிற சுவர் ஒன்று விடாமல் போய் முட்டி, உறுதியாக இருக்கிறதா, ஆள் உள்ளே புகுந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டியது அவன் வேலை. நாள் முழுக்க முட்டிக்கொண்டு சம்பளம் வாங்குகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது சும்மா நடக்கிற விளையாட்டு. சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. அந்தரத்தில் தொங்கும் மலைகள், மிதித்தால் வெளிச்சம் கசியும் பாசி, தலைக்கு மேலே சாவகாசமாக நீந்திப் போகும் கல்மீன்கள். அந்த உலகத்தில் நாம் ஒரு தபால்காரர். நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு கடிதம். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஊர்க் கதையில் ஒரு துண்டு. வேலை முடிந்து அலுத்துச் சலித்து வருகிற சனங்கள் காலை நீட்டி உட்கார்ந்து மனம் ஆற நடப்பதற்காகச் செய்தது.

வீடுகளைக் கட்டியது முழுக்க அவள். கம்ப்யூட்டரில் வீடு கட்டும்போது வாசல் எவ்வளவு உயரம், ஜன்னல் எங்கே வரும் என்று வெறும் கண்ணால் மட்டிட முடியாது. அதனால் பக்கத்தில் ஒரு பொம்மையை நிறுத்திக்கொள்வார்கள். சாம்பல் நிறம். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. மொழுமொழுவென்று ஒரு தலை, இரண்டு பக்கமும் நேராக நீட்டிய கைகள். அதுதான் அளவு பொம்மை. வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள். எல்லாரும் பெரிய ஆள் உயரத்துக்குத்தான் வைப்பார்கள். அவள் நூற்றுப் பன்னிரண்டு வைத்திருந்தாள்.

அது சிட்டுவின் உயரம். அவள் மகள். ஏழு வயது. ஐந்து நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. மருந்தின் அளவைக் கணக்குப் பண்ண வேண்டும் என்று நர்ஸ் வந்து, படுத்திருந்த பிள்ளையின் பக்கத்தில் நாடாவை விரித்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை இழுத்துப் பிடித்து, “நூத்திப் பன்னெண்டு” என்று சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் அளக்கவில்லை. இரண்டு மாத லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் முதல் காரியமாகப் பொம்மைகளின் உயரத்தை மாற்றினாள். நாற்பத்தொரு வாசலிலும் நாற்பத்தொரு சிட்டு, தூக்கச் சொல்லிக் கையை விரித்துக்கொண்டு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது பாவம் என்பார்கள்; இரண்டும் அவளுக்கு ஒன்றுதான்.

பொம்மையைத் திரும்ப நூற்றுப் பன்னிரண்டாக்கிச் சேமித்தாள். மறுநாள் காலையில் நூற்றுப் பதினெட்டு.

அவளுக்குக் கோபம் வந்தது. போனை எடுத்தாள்.

“விளையாடுறியாடா?”

“ஐயையோ, என்னக்கா? நான் சுவர்ல முட்டுறவன். உங்க பொம்மையத் தொடுறதுக்கு எனக்கு அனுமதியே கிடையாது. அதைத் திறக்கிற பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு?”

உண்மைதான். அவள் போனை வைத்தாள்.

அன்றைக்குப் பொம்மையைக் குறைக்கக் கை வரவில்லை. வளர்ந்த பிள்ளையைப் பிடித்து அமுக்குவது போல இருந்தது. விட்டுவிட்டாள். மறுநாள் நூற்று இருபத்தாறு. அலமாரியில் கிடந்த, குழந்தைகளின் வளர்ச்சிக் கோடு போட்ட தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்பது வயதுக்கு அந்த உயரம். அடுத்த நாள் நூற்று முப்பத்திரண்டு. கோடு பிசகவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வயது.

பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்: சந்தோஷம். காலையில் பல்லைக்கூடத் தேய்க்காமல் ஓடி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். இன்றைக்கு முன்பல் முளைத்திருக்கும் என்று நினைத்தாள். இன்றைக்குச் சைக்கிள் கேட்டிருப்பாள். இன்றைக்கு என்னோடு சண்டை போட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு, சாப்பிடவும் வரமாட்டாள். பொம்மையின் தலை இடிக்கக் கூடாதென்று கடைசி வீட்டின் நிலையை உயர்த்தினாள். “வாசல் ஏன் இம்மாம் பெருசு, யானை குடியிருக்கா?” என்று குழுவின் தலைவர் கேட்டதற்கு, “பார்க்க அம்சமா இருக்கட்டும்னுதான்” என்று மழுப்பினாள்.

கைகளை அவள் கவனித்தது நூற்று நாற்பதில். நேராக நீட்டியிருந்த கைகள் கொஞ்சம் இறங்கியிருந்தன.

கணவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எதையும் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்க்கிற சுபாவம். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்.

“அழிச்சிடும்மா.”

“வளர்றா, பாருங்க. நம்ம சிட்டு வளர்றா.”

“நானும் அவளுக்கு அப்பன்தான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?” அவன் குரல் உடைந்தது. “ஆனா இது அவ இல்ல. மூஞ்சியே இல்லாத ஏதோ ஒண்ணு. அது வளர வளர நீ கரைஞ்சிட்டே வர்றே, கண்ணாடில பார்த்தியா உன்னை? சிட்டு போயிட்டா. நீயும் போயிட்டா நான் யாரை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன், சொல்லு.”

அவள் அழுதாள். அவனும்தான். விளையாட்டு வெளியாவது வெள்ளிக்கிழமை மாலை. அதற்குள் எப்படியும் எல்லாப் பொம்மையையும் அழித்தாக வேண்டும். அன்றைக்கு அவன் ஐந்து மணிக்கு வீடு திரும்புவதற்குள் அழித்துவிடுவதாகக் கையில் அடித்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம். மழை இன்னும் விட்டபாடில்லை. திரையில் இருந்த பட்டியலில், முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பொம்மையாக அழித்தாள். தொட்டால், “அழிக்கவா?” என்று கேட்கும், ஆமாம் என்றால் சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான், வாசல் காலி. நாற்பது முறை ஆமாம் சொன்னாள். மிச்சம் ஒன்று.

அதை மட்டும் பட்டியலில் வைத்து அழிக்க மனம் ஒப்பவில்லை. ஒரே ஒரு முறை, விளையாடுகிறவர்கள் நடப்பது போலவே முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை நடந்துபோய், நேரில் பார்த்துவிட்டு, போய் வா என்று சொல்லி அழிக்கலாம். முக்கால் மணி நேர நடை. மணி நாலு. தாராளமாக இருக்கிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

பாசி மிதிபட்டு நீல வெளிச்சம் விட்டது. காற்று புல்லைக் கோதிக்கொண்டு போனது. தொலைவில் எங்கோ மலையிலிருந்து மலைக்குத் தண்ணீர் விழும் ஓசை, தலைக்கு மேலே கல்மீன் திரும்பும்போது அதன் வயிற்றில் கல்லோடு கல் உரசும் ஓசை, காலடியில் சரளை நெறிபடும் ஓசை, எல்லாம் சேர்ந்து தூங்கவைக்கிற மாதிரி ஒரு மெதுவான தாளத்தில் கேட்டன. காலி வாசல்களை ஒவ்வொன்றாகக் கடந்தாள். அழகான உலகம்தான். நாம் செய்ததா இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினேழாவது வீட்டருகே சட்டைக்கை மணிக்கட்டைத் தாண்டி விரல்மேல் விழுந்தது. மடித்துவிட்டாள். ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது, உடம்பு இளைத்துத்தான் போயிருக்கிறது என்று நினைத்தாள்.

இருபத்தாறாவது வீட்டருகே ஹெட்போன் நழுவிக் கழுத்தில் விழுந்தது. எடுத்து மாட்டினாள். திரும்பவும் நழுவியது. பட்டையைக் கடைசி வரை இறுக்கினாள்.

முப்பத்து மூன்று. மௌஸ் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

வீட்டு ஜன்னல்கள் முன்பைவிட மேலே இருந்தன. கடிதம் வைக்கும் மேசையின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை; அடிப்பக்கம் தெரிந்தது. சுவர்முட்டி எதையாவது மாற்றிவிட்டானோ? கேட்க வேண்டும். அப்புறம் கேட்கலாம்.

நாற்பது.

நாற்பத்தொன்று.

அது வாசலில் நின்றது. நூற்று ஐம்பத்தேழு. சரியாக அவள் உயரம். கைகள் முழுக்க இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வலது தோள் இடது தோளைவிடச் சற்றே இறங்கியிருந்தது, பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறவர்களுக்கு இறங்குமே, அந்த மாதிரி. எங்கேயோ பார்த்த நிற்பு. எங்கே என்று தெரியவில்லை.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். “அழிக்கவா?”

மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

“மாட்டேன்,” என்றாள் வாய்விட்டு. “ஒரு தடவை உன்னை விட்டுட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது கண்ணு. முடியாது.”

விரலை எடுத்தாள்.

அது ஓரடி முன்னால் வைத்தது.

அதற்கு நடக்கத் தெரியாது. நடக்க வைக்கிற எதையும் யாரும் அதற்குள் வைக்கவில்லை. இன்னும் ஓரடி. சரளை நெறிபட்டது. அது வளர்ந்தது. நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்னும் நிமிர. வாசல் நிலையும் அதோடு சேர்ந்து மேலே போனது. கூரையும். பூச்செடிகளும்.

எல்லாம் எப்படி ஒரே சமயத்தில் வளரும்?

திரையின் ஓரத்தில், வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி சில எண்கள் ஓடும். அதில் நடப்பவரின் உயரம் என்று ஒரு வரி. 131. 124. 118. 112. அங்கே நின்றது.

எழுந்து ஓட நினைத்தாள். நாற்காலியிலிருந்து கால்களைக் கீழே விட்டாள். துழாவினாள். தரை இல்லை. இன்னும் நீட்டினாள். கட்டைவிரலை நீட்டினாள். காற்று. காற்று மட்டும்தான்.

ஹெட்போன் மறுபடி கழுத்தில் நழுவி விழுந்தது. வாசல் கதவு திறக்கும் சத்தம். குடையை உதறும் சத்தம். கணவன். கடவுளே, அவர் வந்துவிட்டார்.

“அழிச்சிட்டியாம்மா?”

கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவன் அறைக்குள் வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

பார்த்தான்.

குடை கையிலிருந்து விழுந்தது. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டான், நெற்றியைத் தொட்டான், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் ஒரு வருஷமாகப் பார்த்ததில்லை.

“சிட்டு?” என்றான். “சிட்டு! என் தங்கமே!”

நான்தாங்க. நான்தான். என்னைப் பாருங்க. அவள் கத்தினாள். வெளியே வந்தது ஒரு சின்னக் குழந்தையின் அழுகை.

அவன் அவளை வாரி எடுத்தான். தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அறைக்குள்ளேயே சுற்றினான். அவள் கால்கள் அவன் இடுப்பருகே தொங்கின. பிறகு அவன் கதவுப் பக்கம் திரும்பி, மற்ற அறைகளுக்கெல்லாம் கேட்கும்படி, சந்தோஷம் தாங்காத குரலில் தன் மனைவியைக் கூப்பிட்டான்.

“ஏம்மா! எங்க இருக்கே? ஓடி வாயேன், யாரு வந்திருக்கான்னு வந்து பாரேன்!”

அவன் தோளுக்கு மேலே அவளுக்குத் திரை தெரிந்தது. அந்தக் குரல் கேட்டதும், வாசலில் நின்றிருந்த சாம்பல் உருவம் முகமில்லாத தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பியது.