கலீமைத் தூங்க விடாதீங்க!

விமானத்தில் குழந்தை அழாமல் வர வேண்டுமானால், விமானம் ஏறும்வரை அதைத் தூங்க விடக் கூடாது. இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் மன்சூர் சாச்சா. அவர் இக்ராவின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தம்பி. இதுவரை விமானம் ஏறியதில்லை. குழந்தை வளர்த்ததும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னால் உறையூர் வீட்டில் மறுபேச்சே கிடையாது. ஏனென்றால் எதையும் மூன்று தடவை, அதுவும் சத்தமாகச் சொல்வார்.

"தூங்க விடாதீங்க! ஏறினதும் தானா தூங்கிடுவான். சார்ஜாவுலதான் கண்ணு முழிப்பான். தூங்க விடாதீங்க!"

கலீம் இக்ராவின் தம்பி. எட்டு மாதக் குழந்தை. அவனுடைய அத்தா நசுருதீன் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். கலீம் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் அவனை இன்னும் ஒரு தடவைகூடக் கையில் தூக்கியதில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும், அம்மா, இக்ரா, கலீம் மூன்று பேருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டார். இன்று பிற்பகல் விமானம்.

மற்ற நாளாக இருந்தால் இந்த நேரத்துக்குக் கலீம் தூளியில் கிடப்பான். கூடத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல் சேலையில் தூளி கட்டியிருக்கும். ஆட்டுவது இக்ராவின் வேலை. அவளுக்குத் தாலாட்டெல்லாம் வராது. டவுன் பஸ் கண்டக்டர்போல ஸ்டாப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே ஆட்டுவாள். பஸ் சத்திரம் ஸ்டாப்புக்குப் போய்ச் சேருவதற்குள் கலீம் தூங்கிவிடுவான்.

இன்று தூளியைச் சாச்சா விடிந்ததும் அவிழ்த்துவிட்டார். மடித்துப் பெரிய பெட்டியில் வைத்து, பெட்டியைக் கயிறு போட்டும் கட்டிவிட்டார்.

"தூளியப் பார்த்தா அவனுக்குத் தூக்கம் வந்துரும்" என்றார்.

பிறகு ஆரம்பித்தது கொண்டாட்டம். சாச்சா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். அவர் மனைவி ஆஃப்ரின் சாச்சி ஈரத்துணியால் கலீமின் பாதத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெருப் பிள்ளைகள் விசில் ஊதினார்கள். கலீம் முதலில் கெக்கெக்கே என்று சிரித்தான். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. இடது காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

"சாச்சா, அவன் காதைப் பிடிச்சு இழுக்கிறான். தூக்கம் வந்துடுச்சு. கொஞ்ச நேரம் தூங்கட்டும் சாச்சா" என்றாள் இக்ரா.

"அதான் கூடாதுங்கறேன்! எங்க அந்தத் தட்டு?"

"அண்ணி, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சாச்சா ஆறுதல் வேறு சொன்னார். அண்ணி என்றால் இக்ராவின் அம்மா ஹாஜிரா. பயப்படாதீங்க என்று ஆளுக்கு ஆள் சொல்லியே அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவருக்கும் இதுதான் முதல் விமானம்.

ஒருவர் ஊருக்குப் போனால் ஒரு வேன் நிறைய ஆள் வழியனுப்பப் போவது அந்தத் தெரு வழக்கம். அன்றும் வேன் நிறைந்துவிட்டது. மன்னார்புரம் சிக்னலில் வண்டி நின்றபோது கலீமின் கண் மெல்லச் செருகியது. உடனே வேனே கை தட்டியது. டிரைவர்கூடத் தன் பங்குக்கு ஒரு ஹாரன் அடித்தார். கலீம் திடுக்கிட்டு விழித்து, உதட்டைப் பிதுக்கினான்.

விமான நிலைய வாசலுக்கு மேல் டிக்கெட் இல்லாதவர்கள் போக முடியாது. துவா ஓதி, ஆளாளுக்குக் கலீமை முத்தமிட்டு வழியனுப்பினார்கள்.

"பிளேன் மேல போறதப் பார்த்துட்டுத்தான் நாங்க கிளம்புவோம். தைரியமாப் போங்க!" என்றார் சாச்சா.

பெட்டி போய்விட்டது. சோதனை எல்லாம் முடிந்தது. விமானத்துக்குக் காத்திருக்கும் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் கலீம் அழ ஆரம்பித்தான்.

அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்த அழுகை. அம்மா தோளில் போட்டுத் தட்டினார். நடந்தார். பால் கொடுத்தார், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிலுகிலுப்பையை ஆட்டினார், அவன் அதைப் பிடுங்கி எறிந்தான். தூக்கம் எல்லை மீறிப் போய்விட்டால் குழந்தைக்குத் தூங்கத் தெரியாது. இது அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரையும்விட இக்ராவுக்கு நன்றாகத் தெரியும்.

கூடமே திரும்பிப் பார்த்தது. எதிரில் மடியில் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டார். கணினியில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் எழுந்து, கடைசி வரிசைக்கே போய்விட்டார். அம்மாவின் முகம் வியர்த்துவிட்டது.

"ஏறதுக்கு முன்னாடியே இப்படின்னா, மேல போனதும் என்ன பண்ணுவான்? இறக்கி விடுங்கன்னு சொல்ல முடியுமா?" என்றார். கைப்பேசியைத் தேடி எடுத்தார். "இக்ரா, நாம போக வேணாம். வேன் வெளியிலதான் நிக்குது. சாச்சாவுக்குப் போன் போடறேன்."

போட்டே விட்டார். "தம்பி, வேன எடுத்துட்டுப் போயிடாதீங்க. நாங்க திரும்பி வந்தாலும் வருவோம்" என்றார்.

இக்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து போன அத்தா. இன்று லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவரிடம் போய், தம்பி அழுதான், அதனால் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு அத்தாவைப் பார்க்க வேண்டும். இன்றைக்கே பார்க்க வேண்டும்.

"அம்மா, கொஞ்சம் இரும்மா. நான் அவனத் தூங்க வைக்கிறேன்."

"எப்படிடி? தூளி பெட்டியோட போயிடுச்சே!"

இக்ரா சுற்றிலும் பார்த்தாள். கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. கொக்கி என்று ஒன்றும் கிடையாது. அம்மாவின் துப்பட்டா கலீமின் கனத்துக்குத் தாங்காது.

அப்போது பக்கத்து வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டில் எடுக்கத் தன் கைப்பையைத் திறந்தார். மேலாகவே ஒரு நீலக் கட்டம் போட்ட கைலி மடித்து வைத்திருந்தது. போய் இறங்கியதும் உடுத்திக்கொள்ள எடுத்து வைத்தது போலிருக்கிறது.

கைலி! இக்ரா எழுந்து போனாள். பாதி வழியில் திரும்பி வந்தாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், உங்கள் கைலியைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? கலீம் இன்னும் ஒரு கட்டை ஏற்றிக் கத்தினான். இக்ரா மறுபடியும் போனாள்.

"மாமா, உங்க கைலி துவைச்சதா?"

அவர் தடுமாறி, தான் போட்டிருந்த பேன்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "என்ன பாப்பா?"

"பையில இருக்கே, அது. தம்பிக்குத் தூளி கட்டணும்."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "துவைச்சதுதான். கடையிலேர்ந்து வாங்கின புதுசும் இருக்கு, அதத் தரட்டுமா?"

"வேணாம் மாமா. புதுசு மொடமொடன்னு இருக்கும். அவன் கத்துவான்."

"அதுவும் சரிதான்" என்று கைலியை எடுத்தார். "ஆனா இங்க எதுல கட்டுவ?"

"கட்ட வேணாம். நீங்க ஒரு பக்கம் பிடிங்க. நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

அவர் பெயர் வீரமலை. துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் ஊர். வீட்டில் அவருக்கு ஒரு கைக்குழந்தை. காலையில் அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி வந்துவிட்டாராம். இதையெல்லாம் கைலியைத் தரையில் விரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மா தயங்கித் தயங்கிக் கலீமை அதில் கிடத்தினார். இருவரும் இரண்டு முனையையும் சுருட்டிப் பிடித்துத் தூக்கினார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். வீரமலை நல்ல உயரம், இக்ரா குட்டை. அதனால் கலீம் சறுக்கி இக்ராவின் பக்கம் வந்தான். வீரமலை உடனே முழங்கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது தூளி சரியாக வந்தது.

"அம்மா, நீ அந்தப் பக்கம் போய் உட்காரு. உன்னப் பார்த்தா தூக்கு தூக்குன்னு அழுவான்" என்றாள் இக்ரா.

தூளி ஆடியது. அழுகை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இக்ராவின் கை வலித்தது. கலீம் கொழுகொழு குழந்தை. கைலி அவள் பிடியிலிருந்து நழுவப் பார்த்தது. காதைப் பொத்திக்கொண்டிருந்த மாமி விருட்டென்று எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று இக்ரா பயந்துவிட்டாள்.

"நகரு, நான் பிடிக்கறேன். நீ இத்தனூண்டு இருந்துண்டு, குழந்தையக் கீழ போட்டுடப் போற."

அவர் ஸ்ரீரங்கத்து வேதவல்லி மாமி. பிள்ளையைப் பார்க்கப் போகிறார். பிடித்த கை கிடுகிடுவென்று நடுங்கியது.

"மாமி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன? பயம். நானும் இதுவரைக்கும் ஏறினதே இல்ல. இதுல உன் தம்பி வேற காதுல வந்து சங்கு ஊதறான். நீ சும்மா நிக்காதே, ஏதாவது பாடு."

பாட்டா? இக்ரா தூளியின் நடுவில் கை வைத்து, வீட்டில் ஆட்டும் அதே வேகத்துக்கு அதைக் கொண்டுவந்தாள். கலீமின் காதருகே குனிந்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"உறையூர்... உறையூர் ஏறுங்க. நாச்சியார்கோவில்... நாச்சியார்கோவில் இறங்குங்க. சத்திரம்... சத்திரம்..."

வீரமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலீம் அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று பார்த்தான்.

"சத்திரத்தோட ஏன் நிறுத்திட்ட?" என்று வேதவல்லி மாமி அடுத்த ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டார். "சிந்தாமணி... காவேரிப் பாலம்... மாம்பழச்சாலை... அம்மாமண்டபம்..."

மாமியின் பஸ் ராஜகோபுரம் வரைக்கும் போய்த் திரும்பியது. மறுபடி உறையூர். மறுபடி ஸ்ரீரங்கம். கலீமின் கை காதை விட்டு இறங்கியது. கண் பாதி மூடியது. பிறகு முழுதும் மூடியது. மாமியின் கை நடுக்கமும் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. இக்ரா பதறிப்போய்க் கதவருகே நின்ற பணிப்பெண்ணைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். அந்தப் பெண் தூளியைப் பார்த்தார். மைக்கை மெதுவாக வைத்துவிட்டு, ஓசைப்படாமல் பக்கத்தில் வந்தார்.

"கைக்குழந்தை வச்சிருக்கவங்க முதல்ல ஏறலாம்" என்று கிசுகிசுத்தார். "நீங்க போய் உட்கார்ந்ததும் அறிவிப்பு கொடுத்துக்கறேன்."

அதற்குள் அம்மாவின் கைப்பேசி அதிர்ந்தது. சாச்சாதான்.

"அண்ணி, வேன வாசலுக்கு எடுத்துட்டு வரவா?"

அம்மா கைலிக்குள் கிடந்த கலீமைப் பார்த்தார். இக்ராவைப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. தூங்கிட்டான். நாங்க ஏறப் போறோம்."

"பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று சாச்சா கத்தியது எல்லாருக்கும் கேட்டது. நல்லவேளை, கலீம் அசையவில்லை.

கைலியோடு சேர்த்து அவனை அள்ளிக்கொண்டு அம்மா விமானத்தில் ஏறினார். விமானம் ஓடத் தொடங்கியதும் கலீம் விழித்துச் சிணுங்கினான். மேலே ஏறும்போது காது அடைக்கும், பால் கொடுங்கள் என்றார் விமானப் பணிப்பெண். அம்மா துப்பட்டாவால் மூடிக்கொண்டு பால் கொடுத்தார். கலீம் குடித்தான். குடித்துக்கொண்டே மறுபடி தூங்கினான். அம்மா அன்று முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானா?" என்று இக்ராவைக் கேட்டார். "இதுக்கா இவ்வளவு பயந்தேன்?"

இக்ரா ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தாள். கீழே காவேரி. அந்தப் பக்கம் கொள்ளிடம். நடுவில் தென்னை மரங்களுக்கு மேலே ராஜகோபுரம், சுண்டுவிரல் அளவுக்கு.

"மாமி, மாம்பழச்சாலை தெரியுது!"

பின் இருக்கையில் கண்ணை இறுக மூடியிருந்த வேதவல்லி மாமி ஒரே ஒரு கண்ணைத் திறந்தார். பார்த்தார். இன்னொரு கண்ணையும் திறந்தார்.

சார்ஜாவில் இறங்கியதும் இக்ரா கைலியை மடித்து வீரமலையிடம் நீட்டினாள். "மாமா, தம்பி இதுல பால் கக்கிட்டான். மன்னிச்சுக்கங்க."

"அதுக்கென்ன பாப்பா" என்று வாங்கியவர், கைலியை முகத்தருகே கொண்டுபோய் அந்தப் பால் வாசத்தை முகர்ந்தார். பிறகு பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இத இப்பத் துவைக்கப் போறதில்ல" என்றார். இக்ராவுக்கு அவரை அப்படியே கைபிடித்துக் கூட்டிப்போய், அவர் குழந்தையிடம் விட்டுவிட்டு வர வேண்டும்போல இருந்தது.

வெளியே கம்பித் தடுப்புக்கு அப்பால் அத்தா நின்றார். இக்ரா ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அத்தா அவளை இறுக்கி அணைத்து உச்சியில் முத்தமிட்டார். பிறகு கலீமைக் கையில் வாங்கினார். கலீம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

"ஒரே ஒரு தடவ எழுப்பேன், ஹாஜிரா. கண்ண மட்டும் பார்த்துக்கறேன்" என்றார் அத்தா.

"எழுப்பக் கூடாது!" என்றாள் இக்ரா. "காலையிலேர்ந்து ஊரே சேர்ந்து எழுப்பியாச்சு, பாவம். அவனா முழிக்கட்டும் அத்தா."

அத்தா சரி என்று தலையாட்டினார். அதையும் மெதுவாகத்தான் ஆட்டினார். குழந்தை அலுங்காமல் அடி மேல் அடி வைத்துக் காரை நோக்கி நடந்தார். பின்னால் பெட்டி தள்ளி வந்தவர்கள் எல்லாரும் அவர்களைத் தாண்டிப் போனார்கள். கடலைக்கூடத் தாண்டியாகிவிட்டது, இந்த வாசலைத் தாண்டத்தான் விடிந்துவிடும் போலிருக்கிறது என்று இக்ரா நினைத்துக்கொண்டாள். விடியட்டுமே! அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவளும் அதே வேகத்தில் நடந்தாள்.