மூச்சு வெட்டுகிறவள்

சுமையா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியபோது, அவளுடைய இடது கை ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தது.

ஆள்காட்டி விரல் மட்டும் கீபோர்டில் 'ஜி' எழுத்தின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் இருந்த குரலின் பச்சை அலைக்கோடு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொண்டது. அவள் சொல்லி அது செய்யவில்லை. டீயில் படிந்த ஆடையை எடுத்துப் போடுவதா, அப்படியே குடித்துவிடுவதா என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி மடியில் போட்டாள். பிழியாத துணி மாதிரி அது மடியில் கிடந்தது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஷார்ட்கட் அடித்துப் பழகிய விரலும் அந்த வகைதான். மற்றவர்கள் பேசிய பேச்சைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் சுமையாவுக்கு மூன்று வருஷமாகப் பிழைப்பு. மவுஸைப் பிடித்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவன் மாட்டு வண்டி கட்டிச் சென்னைக்குப் புறப்பட்டவன் என்பது அவள் கட்சி. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குரல் ஓடும். எஸ் தட்டினால் வெட்டும். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்துத் தட்டினால் செய்தது செய்யாததாகிவிடும். இதெல்லாம் இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் 'ஜி' அவளே அமைத்துக்கொண்டது. ஒருமுறை தட்டினால் போதும். பேச்சுக்கு நடுவே வரும் மூச்சைத் தேடிப் பிடிக்கும், வெட்டி எறியும், மிச்சத்தை இழுத்து ஒட்டும், கையோடு சேமித்தும் வைத்துவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போய் அரை நாள் வேலையைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் சேமிப்பதையும் அதே தட்டில் கோத்துவிடத் தோன்றும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கை மரத்துப்போனது புரட்டாசியில். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இரண்டு மாதம் கீபோர்டைத் தொடாதீர்கள் என்றார் கும்பகோணத்து டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து இடது கையில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. வேலை மட்டும் முன்னைவிட வேகமாக நடந்தது.

அறை மாடியில் இருந்தது. அவள் கணவன் ஷேக் பரீத் ஷார்ஜாவுக்குப் போவதற்கு முன் தன் கையால் கட்டிக் கொடுத்தது. ஜன்னல் கிடையாது. சுவர் நான்கிலும் பழைய மெத்தைகளும் ரஜாய்ப் போர்வைகளும் அறைந்து, கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. மெத்தைப் பஞ்சின் ஈர வாடையும் கொசுவத்திச் சுருளின் புகையும் கம்ப்யூட்டரின் சூடும் கலந்து எந்நேரமும் ஒரே மாதிரி நாறும். இப்போது பகல் பதினோரு மணி. அறைக்குள் அது தெரியாது.

இன்று திரையில் இருந்தது அவளுடைய மகளின் குரல்.

ஷமீராவுக்கு ஒன்பது வயது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒரு சென்னைக் கம்பெனி அவள் குரலைக் கேட்டுவிட்டு முழுக் கதையும் கேட்டிருந்தது. கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு மேய்ச்சல் வாத்தின் கதை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் ஷமீரா. ஆனால் அனுப்பிய இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது: குரல் அருமை, மூச்சு அதிகம். அதிகமாகத்தான் இருக்கும். இரண்டு வயதிலிருந்து இளைப்பு அவளுக்கு. இரண்டு வரிக்கு நடுவே அவள் மூச்சு வாங்கினால் ஓட்டை சைக்கிள் பம்பை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எத்தனையோ ராத்திரி சுமையா உட்கார்ந்தே விடியவைத்திருக்கிறாள்.

செய்த வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு வெட்டும் அதில் ஒரு வரி. டீ குடிக்க எழும்போது முப்பத்தொரு மூச்சு வெட்டியிருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம். பட்டியலில் எழுபத்து நான்கு இருந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்பத்து மூன்று வெட்டு வேலை மிச்சமாயிற்று என்றுதான் முதலில் தோன்றியது.

போன் அடித்தது. வலது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, நான் கலைமகள் பேசுறேன். பாபநாசம் முருகையன் அய்யாவோட மருமக."

முருகையன் வாரா வாரம் உழவர் குழுவுக்குக் குரல் பதிந்து அனுப்புகிறவர். தண்ணீர் எப்போது திறப்பார்கள், குருத்துப்பூச்சிக்கு என்ன செய்வது என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார். வரிக்கு வரி பெருமூச்சு. சுத்தம் செய்து கொடுத்தது சுமையா.

"சொல்லுங்க கலைமகள். அய்யா நல்லா இருக்காங்களா?"

"மாமா தவறிட்டாங்கக்கா. போன செவ்வாக்கெழம."

சுமையா எழுந்து நின்றாள். "எப்படிம்மா?" என்றாள்.

"ஹார்ட் அட்டாக்குன்னாங்க. ஆனா எனக்கு மனசு ஒப்பலக்கா. வயல்லேர்ந்து வந்து உக்காந்தாங்க, பேச ஆரம்பிச்சாங்க. ஒரு மணி நேரம் பேசுனாங்கக்கா. நடுவுல ஒரு எடத்துலகூட மூச்சு விடல. நீங்க அனுப்புவீங்கல்ல, அதுல கேக்குற மாதிரியே. மொகமெல்லாம் கறுத்துப் போச்சு, அப்பவும் சிரிச்சிக்கிட்டே பேசுறாங்க. அப்புறம் அப்படியே சாஞ்சிட்டாங்க."

அறை அடைத்துக்கொண்டு கிடந்தது. கம்ப்யூட்டரின் விசிறி ஓடும் சத்தம். அதற்கு அடியில் வேறொரு சத்தம். டக். டக். டக்.

"ஒரு உதவி வேணுங்கக்கா. கருமாதிக்கு மாமா கொரல போடலாம்னு இருக்கோம். நீங்க வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளது இருந்தா குடுங்க. அந்தப் பெருமூச்சோட கேக்கணும் போல இருக்கு."

"அதெல்லாம் வச்சிக்கிறது இல்லம்மா," என்றாள் சுமையா. "எடம் பத்தாதுன்னு அழிச்சிருவேன்."

கலைமகள் அழுதுகொண்டே போனை வைத்தாள். சுமையா குனிந்து பார்த்தாள். அவள் நின்றுகொண்டிருந்தாள், ஆனால் இடது கை மேஜையைவிட்டு வரவில்லை. கீபோர்டின்மேல் கவிழ்ந்து கிடந்து தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் நூற்றைம்பத்தெட்டு.

வலது கையால் அதைப் பிடித்து விலக்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

"கூட்டத்த விட்ட வாத்து வாய்க்காலத் தாண்டுச்சு வரப்பத் தாண்டுச்சு அறுத்த வயலத் தாண்டுச்சு எங்கயும் யாரும் இல்ல வாத்து கூப்புட்டுச்சு கூப்புட்டுக்கிட்டே நடந்துச்சு"

அழகான குரல். துளி பிசிறு இல்லை. கம்பெனிக்காரன் கேட்டது இதைத்தான். கேட்கக் கேட்கச் சுமையாவுக்கு, வாசிக்கிற பிள்ளைக்காகத் தானே ஒரு மூச்சை இழுத்து விட வேண்டும் போல இருந்தது. நிறுத்தினாள்.

மழை விடுமுறை. ஷமீரா கீழ் வீட்டு ஹலீமா அக்காவிடம் இருந்தாள். சுமையா போய்க் கதவைத் திறந்தாள். ரப்பர் பட்டை விடுபடும் சத்தத்தோடு வெளி உலகம் உள்ளே வந்தது. தகரக் கூரையில் மழை. யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனை. மாடிப்படியின் கீழிருந்து மகளின் குரல்.

"குளத்தங்கரையில நாரை நின்னுச்சு என் கூட்டத்தப் பாத்தியான்னு வாத்து கேட்டுச்சு நாரை பாக்கலன்னுச்சு வாத்து நடந்துச்சு நடந்துச்சு நடந்துச்சு"

"சுமையா!" ஹலீமா அக்கா கீழிருந்து கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஒம் மவ எப்புடி வாசிக்கிறா கேட்டியா? மழ நாள்ல இழுத்துக்கிட்டுக் கெடக்குற புள்ள! இன்னைக்கு இளைப்பே காணோம், அல்ஹம்துலில்லாஹ்!"

"எப்பலேர்ந்துக்கா?"

"காலைலேர்ந்துதான்."

"ஷமீரா, மேல வா," என்றாள் சுமையா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பிள்ளைக்குக் கேட்டுவிட்டது.

படியில் ஓடி வந்தாள். பதினெட்டுப் படி. எப்போதும் பத்தாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறவள் இன்று நிற்கவில்லை. அறைக்குள் வந்து நின்று சிரித்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"அம்மா நல்லா வருதாம்மா கம்பெனிக்காரங்க எடுத்துக்குவாங்களாம்மா ஷார்ஜாவுல அத்தாவுக்கு அனுப்புனியாம்மா"

சட்டையின் பூப்போட்ட முன்பக்கம் அசையவில்லை. சுமையா பார்த்துக்கொண்டே நின்றாள். அசையவே இல்லை. மூக்கின் அடியில் வலது கையின் பின்புறத்தை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

மேஜைக்குப் பாய்ந்தாள். கண்ட்ரோல் இசட்.

பின்னால் பம்பு இழுத்த சத்தம். ஷமீராவின் தோள் தூக்கி இறங்கியது. ஒரே ஒரு தடவை.

"என்னம்மா" என்றாள் பிள்ளை.

சுமையா மறுபடி தட்டினாள். இன்னொரு மூச்சு. மூன்று தடவை வேகமாகத் தட்டினாள். மூன்று மூச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. பிள்ளைக்குப் புரையேறியது, இருமினாள். பிறகு நின்றுவிட்டது. தட்டினால் வருகிறது. தட்டாவிட்டால் இல்லை. வந்தது ஒரு தடவைக்குத்தான்.

பட்டியலைப் பார்த்தாள். நூற்றைம்பத்து மூன்று.

நீக்கிய வெட்டைத் திரும்ப வெட்டவும் ஷார்ட்கட் உண்டு. கொடுத்த மூச்சைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி கொடுப்பது. அதைத் தட்டிப் பார்க்க எந்தத் தாய்க்குக் கை வரும்? அவளுக்கு வரவில்லை.

கண்ட்ரோல் இசட். மூச்சு.

"ஷமீரா, இங்கயே இரு. அம்மாவ விட்டுப் போகாத."

"ஏம்மா"

கண்ட்ரோல் இசட். மூச்சு.

"சொன்னாக் கேளு. இங்க பக்கத்துல நில்லு. பேசாத. பேசாம நில்லு தங்கம்."

கீழிருந்து ஹலீமா அக்கா கத்தினாள். "ஷமீரா! மீன் பொரிச்சிட்டேன், ஆறிப்போவுது, ஓடியா!"

பிள்ளை திரும்பினாள். சுமையாவின் வலது கை கண்ட்ரோலையும் இசட்டையும் விட முடியாது. சும்மா இருந்தது இடது கைதான். அதை நீட்டி மகளின் மணிக்கட்டில் போட்டாள். பிடி என்றாள் மனசுக்குள். பிடி. விரல் மடங்கவில்லை. காலையிலிருந்து நூற்றிருபது தடவைக்கு மேல் தானாகத் தட்டிய விரல், ஒரு தடவைகூட மடங்கவில்லை. மகளின் சதை அதில் படுவதுகூடத் தெரியவில்லை.

"சாப்புட்டு வந்துர்றேம்மா" என்று ஷமீரா கையை உருவிக்கொண்டாள்.

உருவியதும் அந்தக் கை கீபோர்டில் போய் விழுந்தது. டக்.

சுமையா அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"ஷமீரா! போகாத!"

அம்மா வேலை பார்க்கும்போது கதவைச் சாத்த வேண்டும் என்று பழக்கி வைத்திருந்த பிள்ளை. நல்ல பிள்ளை. சொன்னதை மறக்காது. வெளியே போய், கதவை இழுத்து, ரப்பர் பட்டை பொருந்தும்வரை அழுத்திச் சாத்தியது.

மழை நின்றது. மீன் வாசனை நின்றது. படியில் இறங்கும் காலடி நின்றது.

கண்ட்ரோல் இசட்.

காதைக் கூர்மையாக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஒரு தோள் தூக்கி இறங்கியதா? தெரியாது. எழுந்து போய்க் கதவைத் திறக்கலாம். மூன்று எட்டுத்தான். எழுந்தால் தொடைக்கு அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். அடியில் அது துடித்துக்கொண்டிருந்தது. அதன் துடிப்பை அவளுடைய தொடைதான் உணர்ந்தது, கை உணரவில்லை.

கண்ட்ரோல் இசட். நூற்று நாற்பத்தொன்று.

எவ்வளவு நேரத்துக்கு ஒன்று தட்ட வேண்டும்? அவளுக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று. தான் மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஒன்று தட்டினாள். இழுத்தாள், தட்டினாள். நூற்று இருபது. இழுத்தாள், தட்டினாள். நூறு. பயத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எண் கிடுகிடுவென்று இறங்கியது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு.

இப்படிச் செலவழித்தால் பிள்ளை சாப்பிட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

சுமையா விரலைக் கீயின்மேல் வைத்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு, தன் மூச்சைப் பிடித்தாள். திரை வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காது அடைத்தது. கண்ணோரம் கறுத்து வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் தாங்கலாம். எண்பத்தேழு அப்படியே நின்றது.