மூன்றாம் பாத்தித் தக்காளி

செடிகள் சிதறி முளைக்கவில்லை. அதுதான் ஹெலனுக்கு முதலில் உறுத்தியது.

ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் அது. தொட்டியில் மாதக்கணக்கில் புளித்து இறங்கும் சேற்றைப் பாத்திகளில் காயவைத்து, எருவாக வாரி, ஆர்.கே.பேட்டை வயல்களுக்கு லாரியில் அனுப்புவார்கள். காய்கிற சேற்றில் தக்காளி தானாகவே முளைக்கும். ஊர் தின்று கழித்த விதை. "வயித்துக்கே தப்பிச்சிக்கினு வந்துகீது பாரு" என்று கூட வேலை செய்யும் மணியம்மாள் சிரிப்பாள். ஆனால் அது கண்ட இடத்தில் முளைக்கும். மூன்றாம் பாத்தியில் இன்று அப்படி இல்லை. நடுவில் மட்டும், நெருக்கமாக, ஓர் ஆள் நீளத்துக்கு முளைத்திருந்தது.

மதிய வெயிலில் பாத்தி வெடித்துக் கிடந்தது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து இரும்பு உருட்டும் ஓசை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்க, நாற்றம் பழகிச் செத்துப்போன அவள் மூக்கில் பீடியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வேறொரு வாசனை ஏறியது. ராபினின் தலையணை வாசனை.

ராபின் அவள் புருஷன். இங்கேதான் வேலை பார்த்தான். அடைப்பெடுக்கத் தொட்டிக்குப் போன அன்று வீடு திரும்பவில்லை. ஆந்திர எல்லையில் தடா பக்கம் எவளோடோ ஓடிவிட்டான் என்றார் மேஸ்திரி சுப்பராயன். பரிதாபப்படுகிறவர் போல அவன் வேலையை அவளுக்கே கொடுத்தார். அவள் நம்பித் தொலைத்தாள். உன் பொணம்கூட என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று தெருவே கேட்க மண்ணை வாரித் தூற்றினாள்.

அந்தத் தொட்டியின் அடிச்சேறு போன மாதம்தான் இந்தப் பாத்திக்கு வந்திருந்தது.

வரப்பில் ஏறி நின்று பார்த்தாள். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி. அவன் தூங்குகிற மாதிரியே. நீட்டிய கையின் நுனியில் மூன்றே கன்றுகள். முன்பு இரும்பு உருட்டாலையில் அந்தக் கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்திருந்தான்.

"இன்னா நின்னுக்கினே கீற? லாரி வந்துரும்" என்று கத்திக்கொண்டே வந்த சுப்பராயன் வரப்பில் ஏறினார். பார்த்தார். அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுக்கவில்லை.

"சார், எம் புருஷன் எங்க சார்?"

"புடுங்கிப் போடு. எல்லாத்தையும் புடுங்கு."

"தடாவுலதான கீறாரு? சொல்லு சார்."

அவர் இரண்டடி பின்வாங்கி, திரும்பி, கேட்டை நோக்கி ஓடினார்.

அந்த ஓட்டமே சொல்லிவிட்டது. பாவி, செத்தவனையா இத்தனை நாள் சபித்தேன்! குனிந்து ஒரு கன்றைப் பிடித்தாள். தண்டு சூடாக இருந்தது. இழுத்தாள். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ மெல்லத் திருப்பி இழுத்தார்கள்.

விட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டில் மகள் கிரேஸ் பின்கதவருகே சொம்போடு நின்றாள். பொழுது சாய்ந்திருந்தது.

"எம்மா, போன வாரம் ஒரு பை எரு கொண்டாந்து கொட்டினியே. அதுல மொளைச்சிக்கினு கீது. நாந்தான் தண்ணி ஊத்தறேன்."

மூன்றாம் பாத்தி ஓரத்தில் வாரிய எரு. அவளே வாரியது.

"உள்ள போ."

"ஏம்மா?"

"போடி உள்ள!"

வேலியோரம் கொட்டிய எரு. அங்கிருந்து வீட்டை நோக்கி ஒரே வரிசையாகக் கன்றுகள். தோள். முழங்கை. மணிக்கட்டு. எரு கொட்டாத வெறும் தரையிலும். சிமெண்டு விரிசலிலும்.

அந்த வாசனை.

கதவைச் சாத்தப் போனாள். முடியவில்லை. நிலைப்படிமேல் மூன்று தளிர்கள் கிடந்தன. சாத்தினால் நசுங்கும்.

"ராபினு" என்றாள்.

காற்றில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. நடுத்தளிர் மட்டும் மெல்ல மடங்கிப் படியைப் பற்றியது. பிறகு மற்ற இரண்டும்.