ஒரு டம்ளர் தண்ணீர்

“ஒரு டம்ளர் தண்ணில என்னாத்த கண்டுபுடிப்ப?” என்று கல்யாணமான புதிதில் சக்திவேல் கேட்டான். அருணாதேவிக்கு ஆய்வகத்தில் வேலை. குளத்துத் தண்ணீரை வடிகட்டி, அதில் உதிர்ந்து கரைந்த செதிலையும் கோழையையும் வைத்து, உள்ளே என்னென்ன உயிர்கள் என்று சொல்வார்கள்.

“ஒரு டம்ளர்ல ஜாஸ்தியா இருக்கறதுதாங்க தெரியும். கம்மியா இருக்கறது திரும்பத் திரும்ப மொண்டாதான் வரும்.”

“அப்போ குளம் வத்தற வரைக்கும் மொள்ளுவியா?”

“புது பேரு வர்றது நிக்கற வரைக்கும்.”

இப்போது அவன் சொம்பில் வாய் வைத்துக் குடிக்கிறான். அண்ணாந்து குடிக்கச் சொல்லி மகள் சிந்துஜாவை அதட்டியவன். போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் வழுக்கி விழுந்து, ஊரே தேடிக் களைத்த பிறகு தானாகப் படியேறி வந்தான். அன்றிலிருந்து, மழை விடாத சாயங்காலங்களில், மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஈரக்காற்றோடு அடுப்படியில் பாசி நாற்றம் படர, கூடத்து இருட்டில் அவன் தொண்டை நிற்காமல் தண்ணீர் இழுக்கும் சத்தத்தைக் கேட்டபடி அவள் அரிசி களைந்தாள்.

அவன் மிச்சம் வைத்த தண்ணீரை ஒரு டம்ளர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். மனிதன் மட்டும்தான் வந்தது. சந்தேகப்பட்டதை நினைத்து பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினாள்.

ஆனால் ஒரு டம்ளர்தானே.

மறுபடி எடுத்தாள். தவளை. மறுபடி. விரால், தண்ணீர்ப் பாம்பு. எடுக்க எடுக்கப் புதுப் பெயர். நிற்கவில்லை. கடைசித் தடவை, ஒரு நிம்மதிக்காக, சிந்துஜா குடித்து வைத்த டம்ளரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

குழந்தையைச் செங்கத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகத் துணி அடுக்கும்போது போன் வந்தது. ஆய்வகத்து கோபி.

“அக்கா, பாப்பாவுது ஒரு டம்ளர்தான குடுத்தீங்க? குளத்து பாட்டில மாத்தி குடுத்துட்டீங்களா?”

“ஏன்?”

“மொத தடவையிலயே எல்லாம் வந்துடுச்சுக்கா. மீனு, தவளை, பாம்பு. மனுசன் மட்டும் வரல.”

பாசி நாற்றம். பக்கத்தில்.

திரும்பினாள். சிந்துஜா நின்றிருந்தாள். உதடு ஈரம். கண் இமைக்கவில்லை.

“பாப்பா.”

குழந்தைக்குக் கேட்டது. பார்த்தது. பிறகு பின்கதவைத் திறந்து, மழையில், குளத்துப் பக்கம் நடந்தது.