மூன்று இழுப்பு

ஜூன் மாதத்தில் அந்தப் பறவைப் பாறை நாற வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சமையலறைகளுக்குள்ளேயே புகுந்துவிடும் நாற்றம் அது. எச்சமும் அழுகிய மீனும் உப்பும் கலந்து, துவைத்துக் காயப்போட்ட துணியிலும் ஏறிக்கொள்ளும். பெர்கூர் விளிம்பில் குப்புறப் படுத்து, மூக்கைக் காற்றில் நீட்டிப் பார்த்தான். ஈரக்கல் வாசனைதான் வந்தது. சத்தமும் இல்லை. நாற்பதாயிரம் லங்வியாக் கடற்பறவைகள் நெருக்கியடித்து நின்று கத்த வேண்டிய இடத்தில், நூற்றுப்பத்து மீட்டர் கீழே அலை கல்லை நக்குவது தெளிவாகக் கேட்டது.

கடல் சூடேறி நான்கு வருடமாகிறது. பறவைகளின் இரையான மணல்மீன் குளிர்ந்த நீரைத் தேடி எங்கோ போய்விட்டது. அதன் இடத்துக்குக் குழல்மீன் வந்தது: பென்சில் நீளம், பென்சில் கனம், சதையே இல்லாத எலும்பு. சென்ற கோடையில் லங்வியாக்கள் அதைத்தான் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டின. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் குஞ்சுகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. பெர்கூர்தான் இறங்கி எண்ணினான். எண்ணூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டான். அதில் சிலவற்றை இருமுறை எண்ணிவிட்டோமோ என்று இன்னும் சந்தேகம். பிப்ரவரியில் பெரிய பறவைகள் பாதி உயிரோடு கரையில் ஒதுங்கின. அவனும் பக்கத்துப் பண்ணைக் கொல்பெய்னும் இரண்டு நாள் நின்று கழுத்துகளைத் திருகினார்கள். இந்த வருடம் ஒரு பறவைகூட வரவில்லை.

ஆனால் முட்டைகள் இருந்தன.

அவன் அக்கா ஊனா காலையில் படகிலிருந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறாள். பறவைக் கணக்கெடுப்பு அவள் வேலை; பாறை வெறுமை என்று எழுதி அனுப்பக் கிளம்பியவள் திரும்பி வந்துவிட்டாள்.

"ஒரு பறவை இல்லடா. முட்டை மட்டும் வரிசையா இருக்கு. யாரு போட்டதுன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"காத்து போட்டிருக்கும்," என்றான் கொல்பெய்ன், டிராக்டர் இருக்கையிலிருந்து. "உனக்கென்னடா தம்பி, மூஞ்சி கருவாடு மாதிரி இருக்கு? இறங்கப்போறது அவ."

"அண்ணே, கிளட்ச்ச மெதுவா விடுங்க. போனவாட்டி என் இடுப்பெலும்பு போச்சு," என்றாள் ஊனா.

"உன் எடைக்குக் கயிறே கும்பிடு போடுது. என்னைச் சொல்லாத."

பெரிய கயிறு அவள் இடுப்பிலிருந்து விளிம்பின் உருளைமேல் ஏறி டிராக்டருக்குப் போயிற்று. மெல்லிய கயிறு ஒன்று அவள் மணிக்கட்டிலிருந்து பெர்கூரின் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு இழுப்பு: நிறுத்து. இரண்டு: மேலே. மூன்று: கீழே. விளிம்பில் இருப்பவன் அதை உணர்ந்து கையைக் காட்ட வேண்டும். எஞ்சின் இரைச்சலில் டிராக்டர்காரனுக்கு வேறெதுவும் கேட்காது. குரலுக்கு மதிப்பே கிடையாது. பறவைக் கூச்சலில் குரல் காதுக்கு வராது, வந்தாலும் பாறையில் மோதி யாருடையதென்று தெரியாமல் வரும். அப்பா காலத்தில் ஒருவன் குரலை நம்பித் தூக்கினான். கத்தியது பக்கத்துப் பாறைக்காரன். இவனுடைய ஆள் பாதி அவிழ்த்த கயிற்றோடு மேலே வந்து, பாதி வழியில் கழன்று விழுந்தான். கயிறு சொல்வதுதான் சொல். தீவில் வாய்ப்பாட்டுக்கு முன்பே பிள்ளைகளுக்கு அது தெரியும்.

ஊனா இறங்கினாள். நாற்பது மீட்டரில் ஒரு இழுப்பு. பெர்கூர் கை காட்டினான். கயிறு நின்றது.

"பெர்கூர்! கேக்குதா?"

கேட்டது. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல. அந்தப் பாறையிலிருந்து ஒரு மனிதக் குரலை முழுசாக அவன் கேட்பது அதுதான் முதல்முறை.

"முட்டையெல்லாம் சூடா இருக்குடா! அடைகாத்துட்டு இப்பதான் எழுந்து போன மாதிரி." கொஞ்சம் இடைவெளி. "பக்கத்துல மீன். குழல்மீன். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு கட்டு அடுக்கி வச்சிருக்கு. ஈரங்கூடக் காயல."

கிழக்கு பார்த்த பாறை. மாலை வெயில் பின்பக்கம் நிலத்தில் விழ, ஊனா நிழலுக்குள் இருந்தாள். அவள் தலைக்கவசத்தின் மஞ்சள் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே, நிழல் இன்னும் அடர்த்தியாக இருந்த இடத்தில், யாரோ நகத்தால் நகத்தைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டு நின்றது.

"போதும். தூக்கு."

உள்ளங்கையில் கயிறு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பெர்கூர் தயங்கினான். தப்பாக எண்ணிவிட்டோமா? காத்திருந்தான். மறுபடி மூன்று, சீராக. அவள் வாய் ஒன்று சொன்னது, கை ஒன்று சொன்னது. கையைத்தான் நம்ப வேண்டும். கீழே என்று காட்டினான்.

"டேய் மடையா! தூக்குன்னேன்!" சிரிப்பும் எரிச்சலும் கலந்த குரல்.

ஐம்பது மீட்டர். மூன்று இழுப்பு.

அந்தக் குரல் எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வெறும் பாறை எப்படி எதிரொலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதுவரை அது வெறுமையாக இருந்ததே இல்லையே.

"கீழ விடாதடா! இங்க என்னமோ நிக்குது. விடாத!"

மூன்று இழுப்பு. அறுபது. அவன் கை தானாக உயர்ந்து, தானாகக் கீழே காட்டியது. எழுபது.

"நான் இழுக்கல!" குரல் கிழிந்தது. "முட்டை எண்ண மணிக்கட்டுக் கயித்த அப்பவே அவுத்துட்டேன்டா! மேல திட்டுலயே கட்டிட்டேன்! நான் இழுக்கல!"

பெர்கூர் உள்ளங்கையைப் பார்த்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று. பொறுமையாக.

கயிற்றை உதறினான். எழுந்து நின்று இரண்டு கைகளையும் மேலே வீசினான். கொல்பெய்ன் கட்டைவிரலைக் காட்டினான். டிராக்டர் விளிம்பைவிட்டுப் பின்னால் நகர்ந்தது. உருளை முனகியது.

அலறல் தொடங்கியது. அதன் நடுவே தட்டல், ஒன்றல்ல, நூறு. எலும்பு முறியும் சத்தம், இரண்டு தடவை. அலறல் ஒரு சொல்லாக மாறப் பார்த்தது. "பெர்..." சொல் அடைபட்டது. கொழகொழவென்று ஒரு திணறல்.

கயிறு கனத்தது. டிராக்டரின் சக்கரங்கள் புல்லைக் கிழித்து மண்ணை வாரியடித்தன. ஊனாவின் எடை அறுபத்திரண்டு கிலோ. இது அறுபத்திரண்டு இல்லை. உருளைமேல் வந்த கயிறு சிவப்பாக வந்தது.

பிறகு சட்டென்று லேசாகிவிட்டது.

முதலில் மஞ்சள் கவசம். பிறகு தோள்கள். அவளை அக்குளில் பிடித்துப் புல்மேல் இழுத்துப் போட்டான். இடது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. தலை பின்னால் வளைந்திருந்தது. தாடை இரு பக்கமும் கழன்று, வாய் ஒரு மனித வாய் திறக்கக்கூடாத அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே, வரிசை குலையாமல், குழல்மீன் வால்கள். கன்னத்தை உள்ளிருந்து துளைத்து ஐந்தாறு எலும்பு மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வால் அசைந்தது.

"அக்கா. அக்கா, இரு. எடுத்துடறேன்."

இழுத்தான். ஏழு. பதினொன்று. விரல் வழுக்கியது. கண்ணாடித் தூள்போல முள் உள்ளங்கையைக் கிழித்தது. பதினாறு. தொண்டை அப்படியே வீங்கித்தான் இருந்தது. அவளுக்கு உயிர் இருந்தது. நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளினாள். போ. அதைத்தான் சொல்கிறாள். கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தன.

அப்படியே நின்றுவிட்டன.

"அண்ணே!" என்று திரும்பினான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொல்பெய்ன் இருக்கையில்தான் இருந்தான். தலையைப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தான். உடம்பு சீராகக் குலுங்கியது, யாரோ மேலிருந்து இடித்து இடித்து நிரப்புவதுபோல. அவன்மேல் குனிந்து நின்றதை வெயில் கண்ணைக் கூசவைத்து மறைத்தது. அதன் நிழல் மட்டும் புல்மேல் நீண்டு பெர்கூரின் காலைத் தொட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு நிழல். இன்னொன்று. எண்ண ஆரம்பித்தான். எண்ண முடியவில்லை.

முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், தட்டல்.

பெர்கூர் பல்லை இறுக்கினான். குளிர்ந்த, ஈரமான ஒரு நுனி உதட்டின் இடது ஓரத்தைத் தொட்டது. பிறகு வலது ஓரத்தை. பிறகு நடுவில். அதற்கு அவசரமில்லை, பசியில் இருக்கும் பிள்ளைக்கு ஊட்டும் பரிவு அதில் இருந்தது. அவன் திறக்கவில்லை.

அது தாடையின் இரண்டு பக்கமும் பிடித்தது. திறந்தது.