நசுங்கிய குடில்

கலினாவின் மாமா பையன் திமெக் கிராகோவிலிருந்து தலைநகரத்துக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவன் "எங்க ஊர்ல" என்று எத்தனை முறை சொன்னான் என்று எண்ணுவதைக் கலினா விட்டுவிட்டாள்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஏவா என்று பெயருள்ள எல்லோருக்கும் இதுதான் பெயர் நாள், பிறந்தநாள் மாதிரி பரிசு கொடுத்துக் கொண்டாடுவார்கள். கலினாவின் அம்மாவும் ஏவாதான். அத்தைக்குப் பரிசாகத் திமெக் ஒரு கிறிஸ்துமஸ் குடில் செய்து கொண்டுவந்திருந்தான். கிராகோ குடில் என்றால் வைக்கோல் கொட்டகை இல்லை. சாக்லேட் தாள் மினுமினுக்கும் கோபுரங்களோடு ஒரு குட்டி அரண்மனை. ஒரு மாத உழைப்பு. வீட்டில் வைத்தால் அத்தை பார்த்துவிடுவாரே என்று, ஊர் சுற்றும்போதும் பெட்டியில் தூக்கிக்கொண்டே வந்தான்.

"இதுதான் எங்க பழைய நகரம்," என்றாள் கலினா.

"பழசா? எங்க தாத்தாவைவிட இதுக்கு வயசு கம்மி. போர்ல எல்லாம் இடிஞ்சுபோச்சாம். அப்புறம் பழைய படங்களைப் பார்த்துக் காப்பியடிச்சுக் கட்டினதாம்."

"படத்தைப் பார்த்துக் கட்டினா அது வீடு இல்லையா? மோந்து பாரு, உள்ள மீன் பொரிக்கறாங்க."

திமெக் கேட்டால்தானே. ஒவ்வொரு கோபுரத்துக்கு முன்னாலும் குடிலை எடுத்து வைத்தான். "ஒரு போட்டோ எடு. எது அழகுன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

கலினா தன் போனில் எடுத்தாள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில். பதினாறு படங்கள். ராத்திரி அத்தனையையும் அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அரண்மனைத் திடலில் உயரமான தூண் ஒன்று நின்றது. உச்சியில், சிலுவையைப் பிடித்தபடி சிக்மண்ட் ராஜாவின் சிலை.

"மேல யாரு நிக்கறாருன்னு பாரு," என்றாள்.

"அப்புறம் பார்க்கறேன். நேரா எடு."

பதினேழாவது படம் எடுத்து முடித்ததும் ஒரு காற்று அடித்தது. குடில் சரிந்தது. பிடிக்கப் பாய்ந்த திமெக் பனியில் வழுக்கி, சரியாக அதன் மேலேயே உட்கார்ந்தான்.

எழுந்தபோது அவன் வாயில் "எங்க ஊர்ல" வரவில்லை.

"அத்தைக்கு இப்ப என்னத்தைக் குடுப்பேன்?" குரல் உடைந்தது.

கலினாவின் நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டுப் போனை நீட்டினாள். "பதினேழு படம் இருக்கு. முதல் நட்சத்திரம் வந்தாதான் பண்டிகைச் சாப்பாடு, பரிசு எல்லாம். அதுக்குள்ள கட்டிடலாம், வா."

கலினாவின் அறைக் கதவைத் தாழிட்டார்கள். அட்டையை நிமிர்த்தி ஒட்டினார்கள். தாள்தான் போதவில்லை. கலினா கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கிய மிட்டாய்களைப் பறித்து வந்தாள்.

"தாள் வேணும்னா தின்னுதான் ஆகணும்," என்றாள். திமெக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதினொன்று தின்றான்.

"யாரு மரத்தைக் காலி பண்றது?" அடுக்களையிலிருந்து அம்மா.

"எலியா இருக்கும்மா."

"உச்சியில என்ன இருந்துச்சு?" திமெக் முழித்தான். "அதை அப்பாதான் ஒட்டினாரு." கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

கலினா இன்னும் கொஞ்சம் மிட்டாயோடு திரும்பியபோது, நடுக்கோபுரத்தின் மேல் ஒரு வெள்ளி மனிதன் சிலுவையோடு நின்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே முதல் நட்சத்திரம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

மேசையில் கொண்டுவந்து வைத்த குடிலை அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு குனிந்தார். "திமெக், உச்சியில யாருடா இது?"

"போட்டோல இருந்தாரு அத்தை."

அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டேய், உன் கோபுரத்துக்குப் பின்னாடி நின்ன சிக்மண்ட் ராஜாடா. தலைநகரத்தைக் கிராகோல இருந்து இங்க தூக்கிட்டு வந்தவரு. நானூறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் திரும்பிப் போயிருக்காரு."

திமெக்கின் காது சிவந்தது.

"எடுத்துடலாமா?" என்றாள் கலினா.

அவன் யோசித்தான். "வேணாம். படத்துல இருக்கற மாதிரிதானே கட்டணும்?" பிறகு மெதுவாக, "நாளைக்கு மறுபடி அங்க போலாமா? நான் மேல பார்க்கவே இல்லை."

கலினா போனை எடுத்து, ராஜாவோடு சேர்த்துப் பதினெட்டாவது படத்தை எடுத்தாள்.