அறுபத்திரண்டு விடைத்தாள்கள்

காலை 8.55. வியாழக்கிழமை, ஆகஸ்ட் 2005.

கோதை கணினியைத் திறந்தாள். தமிழ்த் துறையின் முதல் இணையத் தேர்வு முந்தின நாள்தான் நடந்திருந்தது. அறுபத்திரண்டு மாணவர்களின் விடைகள் அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். 'பதிவுகள்: 0' என்று மட்டும் இருந்தது. அவள் மூன்று முறை புதுப்பித்துப் பார்த்தாள். பூஜ்யம் மாறவில்லை.

9.40. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருந்த அந்தக் கல்லூரியின் தாளாளர் ராஜகோபாலன், கோதையைப் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். அவள் தற்காலிக விரிவுரையாளர். இந்தத் தேர்வு நன்றாக நடந்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

10.30. சப்-இன்ஸ்பெக்டர் ஏசுபாதம் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் விசிறி ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடவில்லை.

"பாதிப் பேர் ஃபெயில் ஆகியிருப்பாங்க. அது வெளிய தெரியக் கூடாதுன்னு இந்தம்மாவே அழிச்சிட்டாங்க. அவங்க பேர்லதான் உள்ள போயிருக்கு" என்றார் ராஜகோபாலன். "மூணு மணிக்குக் கடிதம் குடுத்துடுவேன்."

"மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் ஏசுபாதம்.

தேர்வுத் தளத்தை எழுதியவன் கணினிக்கூடப் பொறுப்பாளர் வரதன். பதிவேட்டை அச்செடுத்து வந்தான்.

"மூணாவது மிஷின். எட்டு பன்னண்டுக்கு ஒரு தப்பான பாஸ்வேர்டு. அரை நிமிஷத்துல சரியானது. எட்டு பதினாலுக்கு எல்லாம் காலி."

"தப்பா அடிச்சதும் பதிவாகுமா?"

"ஆகுற மாதிரி எழுதிட்டேன். எழுதியிருக்கக் கூடாது சார்."

"பேக்கப்?"

"வெள்ளிக்கிழமைதான் எடுப்பேன்."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா சார்."

காகிதத்தில், அடித்த கடவுச்சொற்கள் இரண்டு வரிகளாக இருந்தன.

ghl;k
ghlk;

"இது இன்னா பாஷை?"

"தமிழ்தான்" என்றாள் கோதை. "என் கடவுச்சொல் 'பாடம்'. தமிழ் ஃபாண்டுல அந்தச் சொல்லுக்கு எந்தெந்தச் சாவியோ, அதையே அடிப்பேன். இங்கிலீஷ் எழுத்தா பதிவாகும்."

"யாருக்குத் தெரியும்?"

"மறந்துடுமேன்னு 'பாடம்'னு எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருந்தேன். எப்படி அடிப்பேன்னும் ஸ்டாஃப் ரூம்ல பெருமையா சொல்லியிருக்கேன்."

"அப்போ ஊருக்கே தெரியும். எட்டு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"பஸ் ஸ்டாப் டீக்கடையில. தெரிஞ்சவங்க யாரும் கூட இல்ல."

கோதை சொல்வது உண்மையானால், எட்டு மணிக்குக் கல்லூரிக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் வரதன். இன்னொருவர் அலுவலக மேலாளர் காசிநாதன், இருபத்தாறு வருடச் சேவை.

"வரதா, நீ தமிழ் எப்படி அடிப்ப?"

"எனக்கு வராது சார். அம்மாவுக்கு லெட்டர் எழுதினாலும் இங்கிலீஷ் எழுத்துதான். அம்மா திட்டுவாங்க."

11.20. புகாரை அச்சில் தர வேண்டும் என்றார் ஏசுபாதம். ராஜகோபாலன் காசிநாதனைக் கூப்பிட்டார். அவர் மேசைக்குக் கணினி வந்து இரண்டு மாதம்தான். ஏசுபாதம் சொல்லச் சொல்ல அடித்தார். விரல்கள் வேகமாகப் போயின.

"இன்று காலை நடந்த சம்பவம்..."

திரையில் 'ச்மபவ்ம' என்று வந்தது. காசிநாதன் அழித்துவிட்டுத் திருத்தினார். அடுத்த வரியிலும் அழித்தார்.

"பேஜாரு புடிச்ச மிஷினு சார். நா ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு காட்டுது."

"எங்க கத்துக்கினீங்க?"

"செங்கல்பட்டு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸு. கையைப் பாக்காம அடிப்பேன்."

"நானும் அங்கதான். லோயர். அதுக்கே மூணு தடவை."

காசிநாதன் சிரித்தார். ஏசுபாதம் சிரிக்கவில்லை.

2.35. தாளாளர் அறை. கோதை, வரதன், காசிநாதன் மூன்று பேரும் நின்றார்கள். ஏசுபாதம் காகிதத்தை மேசையில் வைத்தார்.

"முதல் வரியில கடைசி ரெண்டு எழுத்து இடம் மாறியிருக்கு."

"அவசரத்துல விரல் தவறியிருக்கும்" என்றார் ராஜகோபாலன்.

"விரல் தவறல. பழக்கப்படிதான் போயிருக்கு. டைப்ரைட்டர்ல புள்ளி அடிச்சா காகிதம் நகராது. அதனால புள்ளியை முதல்ல வச்சு, அதுக்குக் கீழ எழுத்தை அடிக்கணும். இவங்க ஃபாண்டுல எழுத்து முதல்ல, புள்ளி அப்புறம். டைப்ரைட்டர் கை இதுல 'பாடம்' அடிச்சா 'பாட்ம'ன்னு விழும்."

கோதை காகிதத்தைப் பார்த்தாள். பிறகு காசிநாதனைப் பார்த்தாள்.

"கோதை கம்ப்யூட்டர்ல கத்துக்கிட்டவங்க. வரதனுக்குத் தமிழ்ச் சாவியே தெரியாது. மீதி ஒருத்தர்தான். காலைல புகார் அடிக்கும்போது தப்பு திரையில தெரிஞ்சுது, திருத்தினாரு. பாஸ்வேர்டு கட்டத்துல வெறும் நட்சத்திரம்தான் தெரியும். முதல் தடவை தப்பு கண்ணுக்குப் படல. உள்ள விடலேன்னதும் யோசிச்சு மாத்தியிருக்காரு. இன்னா காசிநாதன்?"

காசிநாதன் தன் விரல்களைப் பார்த்தார்.

"எம் பொண்ணு ஜெயப்பிரியா தமிழ்ல எம்.பில். முடிச்சிட்டு மூணு வருசமா வூட்ல குந்தினுகீது சார். இந்தம்மா போனா ஒரு எடம் காலியாவும்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார் ராஜகோபாலன்.

"நாலு தபா கேட்டேன். எடம் இல்லன்னீங்க." குரலில் கோபம் இல்லை. "அதும் பேரை மட்டும் எழுதாதீங்க சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

ஏசுபாதம் எழுதிக்கொண்டிருந்தார்.

2.58. காசிநாதனை ஜீப்பில் ஏற்றினார்கள். ராஜகோபாலன் அலுவலகத்துக்கு வந்து கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். கோதையிடம் மன்னிப்புக் கேட்பவர் போல வாயைத் திறந்து, தண்ணீர் குடித்தார்.

"நீங்க போலாம்."

கோதை பையை எடுத்தாள். "எங்க சார்?"

"வகுப்புக்குத்தான். மறுபடி தேர்வு வைக்கணும்ல."

"வேலை?"

"நாளைக்கு ஆர்டர் தரேன்."

"இன்னிக்கே குடுங்க சார்."

"அடிக்க ஆள் இல்லையேம்மா."

கோதை பையைக் கீழே வைத்தாள். காசிநாதனின் கணினி அணைக்கப்படாமல் இருந்தது. அதன் முன் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார். அடிக்கிறேன்."